முகத்தைச் சீரமைக்கலாமா?

அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ள செய்தி இது. ஆண்களுக்குத் தங்கம் தடையாக இருந்தும், இழந்த உறுப்புக்காக அது அனுமதிக்கப்பட்டதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்று டைட்டானியம் பயன்படுகிறது. விபத்தாலோ புற்றுநோயாலோ தாடை எலும்பை இழந்தவருக்கு, சி.டி. ஸ்கேன் எடுத்து, அவர் முகத்துக்கென்றே அளவாகச் செய்து உள்ளே பொருத்துகிறார்கள். இது சிகிச்சை.

வயதின் சுருக்கத்தைப் போக்கத் தோலை இழுத்துத் தைக்கும் 'ஃபேஸ்லிஃப்ட்' வேறு. 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பிறவிக் குறை, விபத்து, தீக்காயம் ஆகியவற்றைச் சரிசெய்ய அனுமதித்தது. நோயின்றிச் சுருக்கம் நீக்கும் அறுவையைக் கூடாது என்றது. அதில் தோலுக்கடியில் இரத்தம் கட்டலாம், முகநரம்பு பாதிக்கப்படலாம், சில ஆண்டுகளில் முகம் மீண்டும் தளரும்.

தீக்காயத்தால் முகம் சிதைந்த சகோதரி, 'படைப்பை மாற்றுவது பாவம்' என்று அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை. அவருக்கு இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.