லேபர் வார்டில் முதல் மாதம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு டியூட்டிக்குப் பெரும்பாலும் ஒரே செவிலியர்தான். டாக்டர் போனில் இருப்பார். மாணவியாக இருந்தபோது தோளுக்குப் பின்னால் நின்ற சிஸ்டர் அங்கே இருக்க மாட்டார். அதனால், படிப்பை முடித்து கவுன்சிலில் பதிவும் செய்துகொண்டு வேலைக்குச் சேர்பவர், முதல் சில வாரங்களாவது சீனியரோடு சேர்த்து டியூட்டி போடும்படி கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கேட்காதவருக்கு யாரும் தானாகப் போட்டுத் தரமாட்டார்கள்.

கர்ப்பிணியைப் பார்ப்பதற்கு முன் அறையைப் பார்த்துவிட வேண்டும். ஆம்பு பை எங்கே இருக்கிறது? பச்சைக் குழந்தைக்கான சின்ன மாஸ்க் அதோடு இருக்கிறதா? மாஸ்க்கை உள்ளங்கையில் பொருத்திப் பையை அழுத்தினால் காற்று முட்டுகிறதா? பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் முதல் நிமிடத்துக்குள் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் அலமாரிச் சாவியைத் தேட முடியாது. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ட்ரேயில் வெளியே கிடந்தால், எப்போது எடுத்தது என்று கேட்டேயாக வேண்டும்.

அடுத்தது பார்ட்டோகிராஃப், பிரசவம் எப்படிப் போகிறது என்று குறித்துவரும் தாள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான், அனுபவசாலிகளும்தான். பிரசவம் முடிந்தபின் உட்கார்ந்து கோடு இழுத்தால் தாள் அழகாகத்தான் இருக்கும், தாய்க்கு ஒரு பயனும் இல்லை. அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்ட கையோடு குறித்துவிட வேண்டும். எந்தத் தாள் என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். வழக்கமான தாளில் கர்ப்பப்பை வாயின் 4 செ.மீ. திறப்பில் குறிக்கத் தொடங்குவார்கள்; உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட தாளில் 5 செ.மீ.

சில இடங்களில் குழந்தை வர வயிற்றை அமுக்கச் சொல்வார்கள். அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018லேயே சொல்லிவிட்டது. ஆனால் சீனியரிடம் அந்த அறிக்கையை நீட்டினால் சண்டைதான் மிஞ்சும். “அக்கா, ஹார்ட் பீட் 140 இருக்கு, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு அதோடு முடியும்.

குழந்தை பிறந்து, வயிற்றில் இன்னொன்று இல்லை என்று தொட்டு உறுதி செய்துகொண்டு, ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் தசையில் போட வேண்டும். குழந்தை நன்றாக இருந்தால் தொப்புள்கொடியை ஒரு நிமிடம் கழித்துக் கட்டினால் போதும்.

ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் டாக்டரை அழைப்பதில் தயக்கமே கூடாது. “மேடம், கொஞ்சம் ப்ளீடிங் இருக்கு” என்று இழுத்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. “மேடம், ரெண்டாவது பிரசவம். பிறந்து இருபது நிமிஷம் ஆச்சு. ரெண்டு துணி முழுசா நனைஞ்சிருச்சு. கர்ப்பப்பை இறுகல, மசாஜ் பண்றோம். பல்ஸ் 120, பிபி 90/60. ஆக்ஸிடோசின் போட்டாச்சு, ட்ரிப் ஓடுது. 108க்குச் சொல்லிட்டேன்.” இப்படிச் சொல்லப் பழக, டியூட்டி இல்லாத நேரத்தில் தோழியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

டியூட்டி மாறும்போது மேசையருகே நின்று பதிவேட்டை நீட்டிவிட்டுக் கிளம்பக் கூடாது. பிரசவமான முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கொருமுறை பார்க்க வேண்டிய நேரம். அடுத்து வருபவரைக் கட்டிலருகே அழைத்துப் போய், இருவரும் கர்ப்பப்பையைத் தொட்டுப் பார்த்து, ஊசி போட்ட நேரத்தையும் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து.