மூட்டு வீக்கமும் தொழுகையும்

பாகூர் வரப்பில் நடக்கையில் முள் தைத்தால், அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி வலிக்கிறது. வெள்ளணுக்கள் கிருமியை எதிர்க்க விரைவதன் அடையாளம் அது. அல்லாஹ் நமக்களித்த காவல். அக்காவலே திசைமாறி மூட்டின் உட்சவ்வைத் தாக்குமானால் அதுவே முடக்குவாதம்.

ஸுபுஹுக்கு எழுகையில் விரல்கள் மடங்காமல், விறைப்பு 1 மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கினால், முதுமைதானே என்று நாம் வாளாவிருக்கலாகாது. வலி மாத்திரை வலியை அடக்கும். மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்காது. அதைத் தடுக்கும் மருந்துகள் வேறு; அவற்றைத் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். வில்லியனூர், பாகூர் மக்களுக்குப் புதுவை ஜிப்மரில் இதற்கெனத் தனித்துறையே உண்டு.

நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்துள்ளது. நோய்க்கு மருந்து செய்யும்படியும் நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். சலுகையை ஏற்கும் நாம் ஏவலையும் ஏற்போமாக!