டப்பாவின் பெயரை நம்பாதே



கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போன இடத்தில் நெட் கிடையாது. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர வைஃபை அடாப்டருக்கு டிரைவர் வேண்டும். பலரும் அடாப்டரின் பிராண்டையும் மாடலையும் குறித்துக்கொண்டு போய், அந்தப் பெயருக்குக் கிடைத்ததைப் பென்டிரைவில் போட்டு வருகிறார்கள். டிரைவருக்கு பிராண்டு தெரியாது, உள்ளே இருக்கும் சிப்தான் தெரியும். டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரையே எடுத்துக்கொள். முதல் பதிப்பில் அதெரோஸ் ஏஆர்9271 சிப். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக். மாடல் பெயர் மாறவில்லை, ஆனால் ஒன்றின் டிரைவர் மற்றதில் ஏறாது. எந்தப் பதிப்பு என்பது ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும், தேய்ந்து போகாமல் இருந்தால்.

ஆகவே டிரைவர் தேடிக் கிளம்பும் முன் அந்த மெஷினில் டிவைஸ் மேனேஜரைத் திற. மஞ்சள் ஆச்சரியக்குறி விழுந்த சாதனத்தின் பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடீஸ். விஐடி என்பது நிறுவனத்தின் எண், பிஐடி என்பது பொருளின் எண். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள். டிரைவரை இறக்கியதும் அதிலுள்ள ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து அதே எண்களைத் தேடிப் பார். அங்கே இல்லையென்றால் பென்டிரைவில் ஏற்றுவதே வீண். சில அடாப்டர்கள் செருகியதும் சிடி டிரைவாக வேஷம் போடும். விண்டோஸ் டிரைவர் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். அந்த நிலையில் தெரியும் எண் வைஃபையின் எண் அல்ல.

ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டால் போதாதா என்பாய். முடிகிற இடத்தில் தாராளமாகச் செய். விண்டோஸ் தானே டிரைவரைத் தேடி எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் ஐபோன் என்றால் ஆப்பிளின் டிரைவர் முதலில் வேண்டும், வெளிப் போனை மாட்டவே விடாத அலுவலகங்களும் உண்டு. எல்லா டிரைவரையும் அடைத்த பெரிய பேக் ஒன்று போதுமே என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. வைஃபைக்காகக் கூப்பிட்டவரின் டிஸ்ப்ளே, சவுண்ட் டிரைவர்களையும் சேர்த்து மாற்றிவிட்டு வந்தால், நாளை எது கெட்டாலும் உன் தலையில்தான் விழும்.

ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரைப் புதுப்பிப்பதானால், பழையதை பிஎன்பியூட்டில் கட்டளையால் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கு. லினக்ஸ் மெஷின் என்றால் கெர்னல் பதிப்பையும் குறித்துக்கொள், 6.2 முதல் பல ரியல்டெக் யூஎஸ்பி சிப்களுக்கு டிரைவர் கெர்னலிலேயே வருகிறது. அதற்கு முந்தையதில் கம்பைல் செய்ய நேர்ந்தால், அதே பதிப்பின் ஹெடர்களும் கம்பைலரும் பென்டிரைவில் கூடவே வர வேண்டும்.