வெளிப்பக்கத்து மை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. சிவகாசியில் உணவுப் பெட்டி அடிக்கும் அச்சகத்தில் தரம் பார்க்கிற வேலை உனக்குக் கிடைத்திருப்பதாக உன் அம்மா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். சேர்வதற்கு முன் ஒரு விஷயத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

2005 நவம்பரில் இத்தாலி அதிகாரிகள் நெஸ்லேயின் குழந்தைப் பாலைச் சுமார் 3 கோடி லிட்டர் பறிமுதல் செய்தார்கள். பாலில் ஐ.டி.எக்ஸ். என்ற ரசாயனம் இருந்தது. புற ஊதா ஒளி பட்டதும் மை சட்டென்று இறுகுவதற்காக அதில் சேர்க்கிற பொருள் அது. பாலை அடைத்திருந்த டெட்ரா பாக் அட்டையின் வெளிப்பக்க அச்சிலிருந்து வந்திருந்தது.

அந்த அட்டையில் அச்சுக்கும் பாலுக்கும் நடுவே அலுமினியத் தகடு உண்டு. அதை ஊடுருவி மை உள்ளே போக வழியில்லை. பிறகு எப்படிப் போனது? அச்சான அட்டையை ரோலாகச் சுற்றி வைப்பார்கள். ஒரு சுற்றின் வெளிப்பக்கம் அடுத்த சுற்றின் உட்பக்கத்தோடு அழுந்திக் கிடக்கும். இறுகாமல் மிஞ்சிய ரசாயனம் உட்பக்கத்துப் பாலிஎத்திலீன் பூச்சில் ஏறிக்கொண்டது. கொழுப்பில் எளிதாகக் கரையக்கூடியது என்பதால் பால் நிரப்பியதும் அதில் இறங்கிவிட்டது. அந்த அளவால் உடல்நலத்துக்குப் பெரிய கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடுத்த மாதமே சொன்னது. அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் கைக்குழந்தை குடிக்கிற பாலில் அச்சு மையின் சேர்மானத்துக்கு என்ன வேலை?

இதே காரியம் உன் மிஷினிலும் நடக்கும். ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அடுக்காகும்போது, கீழ் ஷீட்டின் அச்சு மேல் ஷீட்டின் முதுகில் படும். நிறம் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியும், வேஸ்டில் போட்டுவிடுவார்கள். நிறமில்லாத ரசாயனம் ஒட்டினால் ஷீட் பளிச்சென்றுதான் இருக்கும், பாஸாகிவிடும். யூவி விளக்கு பழசாகி வலு குறைந்தாலோ, தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் அவசரத்தில் மிஷினை வேகமாக ஓட்டினாலோ, மை மேலே காய்ந்து உள்ளே இறுகாமல் நிற்கும். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு 'சரி' என்று கையெழுத்துப் போடாதே. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று நோட்டில் எழுதிவை.

பெட்டிக்குள் தனிப் பை இருக்கிறதே என்று யாராவது தைரியம் சொல்வார்கள். யூவி மையை இறுக்கச் சேர்க்கிற பென்சோபீனோன் போன்றவை ஆவியாகி, சாதாரண பிளாஸ்டிக் பையைத் தாண்டி உணவில் சேரும். மறுசுழற்சி அட்டையில் பழைய செய்தித்தாள் மையின் கனிம எண்ணெயும் இருக்கும். அதுவும் இப்படியே உணவுக்குப் போவதை ஜூரிச் ஆய்வகத்தில் கோனி குரோப் குழுவினர் காட்டினார்கள். நெய் வடியும் பலகாரத்துக்கு அந்த அட்டையை ஒத்துக்கொள்ளாதே.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதிகளின்படி, உணவுப் பொட்டலத்தில் அச்சடிக்கும் மை ஐ.எஸ். 15495 தரத்தில் இருக்க வேண்டும். மை டப்பா வந்து இறங்கும்போதே அந்தச் சான்றைக் கேட்டு வாங்கு. உணவுக்குள் அதிகம் இறங்காத 'லோ மைக்ரேஷன்' மைதானா என்றும் கேள். விலை கூடுதல் என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

சந்தேகம் வந்தால் அந்த லாட்டை அனுப்பாதே, நிறுத்திவிடு. முதலாளி சத்தம் போட்டால் எனக்குப் போன் போடச் சொல், நான் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா