குறி தவறிய அம்பு

பஞ்சசீலத்தின் முதற்சீலத்தை நாள்தோறும் ஓதுகின்றோம். ஆயினும் பிறவுயிர்க்குத் தீங்கு நேர்ந்தவிடத்து, "எண்ணிச் செய்யவில்லை" என்று கூறி அமைதி கொள்கின்றோம். இச்சொல் எம்மட்டும் செல்லும் என்பதே இன்றைய பாடம்.

அமெரிக்க நாட்டில் வில்லால் மான் வேட்டையாடுதல் இன்றும் சட்டம் ஒப்பிய வழக்கமாகும். வேடர் மானின் முன்தோளுக்குப் பின்னே, நுரையீரலைக் குறிவைப்பர். அங்குப் பட்டால் மான் விரைவில் மாளும். ஆனால் நாணின் ஓசை நொடிக்கு ஏறக்குறைய 1,100 அடி செல்ல, அம்போ ஏறக்குறைய 300 அடியே செல்லும். 90 அடி தூரத்தில் நிற்கும் மான், ஓசை கேட்டுப் பாய்வதற்காக உடலைத் தாழ்த்துகின்றது. அம்பு வந்து சேர்வதற்குள் குறி மாறிவிடுகின்றது. மான் ஓரடி முன்வைத்து அம்பு குடலிற் பட்டாலோ, அவ்வுயிர் பல மணி நேரம் துன்புற்றே மாளும்.

"இவ்விடத்தை நான் குறிக்கவில்லை" என்பான் வேடன். மெய்தான், தவறியது இடம், கொல்லும் எண்ணம் தவறவில்லை. உயிர் இருத்தல், உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் இறத்தல் என ஐந்து கூடினால் கொலையென்று நம் உரையாசிரியர் வகுத்தனர். அம்பு பட்ட இடம் இவ்வைந்தில் ஓர் அங்கமன்று.

சாக்குச் சொன்ன வேடன் ஒருவனைச் சாம ஜாதகத்திலும் காண்கின்றோம். மானிறைச்சி விரும்பி வந்த பிலியக்க அரசன், கண்ணிழந்த தாய்தந்தையர்க்கு நீர் முகக்க வந்த சாமனை நஞ்சு தோய்ந்த அம்பால் எய்தான். "உன்னைக் கண்டு மான் ஓடிற்று, அச்சினத்தால் எய்தேன்" என்று பொய் கூறினான். மான்கள் தன்னை அஞ்சுவதில்லை எனச் சாமன் உரைத்தபின் உண்மையை ஒப்புக்கொண்டான். அப்பெற்றோரைத் தானே காப்பதாகவும் ஏற்றான்.

நாமும் அவ்வரசன் நின்றவிடத்தில் நின்றதுண்டு. ஆலையில் தறியோட்டிய நாளில், கைக்கு இடையூறென்று நாடா தெறியாமல் தடுக்கும் காப்பைக் கழற்றி வைத்தோம். ஒருநாள் நாடா தெறித்து, அடுத்த தறியில் நின்ற தோழரின் ஒரு கண்ணைக் கெடுத்தது. "நாடா தானே பறந்தது" என்றோம். வருத்தும் எண்ணம் நமக்கில்லை. ஆகவே வேடன் செயலும் நம் செயலும் ஒன்றல்ல. ஆயினும் காப்பைக் கழற்றிய கை நம்முடையதே. பல மாதம் கழித்தே அவர் வீட்டுக்குச் சென்று அதைச் சொன்னோம். அவர் பிள்ளைகளின் பள்ளிச் செலவில் பங்கும் ஏற்றோம். முதல் நாளே சென்றிருத்தல் வேண்டும்.

ஆதலின் உபாசகர்களே, உபோசத நாளில் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்பீராக: நம் எண்ணம் யாது? விழிப்போடு இருந்தோமா? துன்புற்றவர்க்கு என் செய்தோம்?

நமோ புத்தாய.