வண்டி ஏன் நின்றது?

பெங்களூரில் ஸ்ரீராமபுரம் என்ற பகுதி உள்ளது. தமிழ் பேசும் மக்கள் அங்கு நிறைய வாழ்கிறார்கள். அங்கே ஒரு பெயிண்டர் இருந்தார். சுவருக்குப் பட்டி வைப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, வண்ணம் அடிப்பது அவர் தொழில். வேலை ஒயிட்ஃபீல்டில். காலை எட்டரை மணிக்கு சைட்டில் இருக்க வேண்டும். தாமதமானால் மேஸ்திரி அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்.

அவரிடம் ஒரு பழைய 100 சிசி மோட்டார் சைக்கிள் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய வண்டி. ஒரு வாரமாக அது நடுவழியில் நின்றது. கிக்கரை மிதித்து மிதித்துக் கால் வலித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தானே கிளம்பியது. மறுநாள் மறுபடி நின்றது. இரண்டு நாளில் ஒரு நாள் கூலி போனது.

வழியில் இருந்த ஒரு கடையில் காட்டினார். “இன்ஜினை இறக்கணும். போர் வேலை இருக்கு. பிஸ்டன் மாத்தணும். ஏழாயிரம் ஆகும்” என்றார்கள்.

வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. மனைவியின் கம்மலை அடகு வைக்கலாமா என்று பேச்சு வந்தது.

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “என்னங்க, வண்டி தினமும் ஒரே இடத்திலயா நிக்குது?”

பெயிண்டருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நோட்டில் எழுதினார்

மனைவி மாலை வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். பால் கணக்கு எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார். அதன் கடைசிப் பக்கத்தில் வண்டிக் கணக்கும் எழுதத் தொடங்கினார். தினமும் இரவு கணவரிடம் கேட்டு எழுதினார்.

திங்கள்: அல்சூரில் நின்றது. கால் மணி நேரம் கழித்து ஓடியது. டின் ஃபேக்டரியில் மறுபடி நின்றது.

செவ்வாய்: அதே போல்.

புதன்: மழை. அதே போல்.

வியாழன்: அல்சூர் வரும் முன்னே பெட்ரோல் போட்டார். அல்சூரில் நிற்கவில்லை. டின் ஃபேக்டரியில் நின்றது.

வெள்ளி: அல்சூரில் நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். உடனே ஓடியது.

சனிக்கிழமை மாலை இருவரும் சிவாஜிநகரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனார்கள். வயதானவர். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவார்கள்.

“பாய், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று நோட்டை நீட்டினார் மனைவி.

பாய் கண்ணாடி போட்டுப் படித்தார். சிரித்தார். “பாதி வேலையை நீயே முடிச்சிட்டேம்மா” என்றார்.

இன்ஜினுக்கு வேண்டிய மூன்று

வீட்டில் விறகு அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு வேண்டும். காற்று வேண்டும். பற்றவைக்க நெருப்பு வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுப்பு எரியாது.

இன்ஜினும் அப்படித்தான். விறகுக்குப் பதில் பெட்ரோல். ஏர் ஃபில்டர் வழியாகக் காற்று. நெருப்புக்குப் பதில் பிளக்கில் தெறிக்கும் பொறி. பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். அந்தக் கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. பிளக் பற்றவைக்கிறது. கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. சக்கரம் சுற்றுகிறது.

இந்தியாவில் 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 என்ற வண்டி வந்தது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்ட வண்டி அது. அதற்குமுன் பல சிறிய வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் அது வேண்டாம். ஆயில் தனியாக இன்ஜினுக்குள் இருக்கும். இன்று வேலைக்குப் போகிறவர்கள் ஓட்டும் மோட்டார் சைக்கிள்கள் இந்த வகைதான். ஆகவே ஒரு வண்டியைப் புரிந்துகொண்டால் மற்றவையும் புரியும்.

மூடியில் இருந்த சின்னத் துளை

பாய் ஒரு கேள்வி கேட்டார். “ஏம்மா, எண்ணெய் டின்னில ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் ஒழுங்கா வருமா?”

“வராது பாய். விட்டு விட்டு வரும். இன்னொரு ஓட்டை போட்டாத்தான் சீராக் கொட்டும்.”

“ஏன்?”

“காத்து உள்ள போகணும்.”

“அதேதான் இங்கயும்” என்றார் பாய்.

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக டேங்க் மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைந்தால் காற்று போகாது. பெட்ரோல் இறங்குவது குறையும். சில கிலோமீட்டர் ஓடியபின் வண்டி நிற்கும். சும்மா நிறுத்தி வைத்தால் மெல்லக் காற்று கசிந்து உள்ளே போகும். வண்டி மறுபடி ஓடும். மூடியைத் திறந்தால் காற்று உடனே போகும். வண்டியும் உடனே கிளம்பும்.

வியாழனும் வெள்ளியும் எழுதிய வரிகள் இதைத்தான் சொல்லின. பெட்ரோல் போட மூடியைத் திறந்த அன்று அல்சூரில் வண்டி நிற்கவில்லை.

பாய் மூடியைக் கழற்றினார். துளையில் வெள்ளையாகப் பட்டித் தூள் இறுகிப் போயிருந்தது. பெயிண்டர் தினமும் உப்புத்தாள் தேய்க்கும் இடத்துக்கு அருகில்தான் வண்டியை நிறுத்துவார். அந்தத் தூள்தான் துளையை அடைத்துவிட்டது. பாய் மெல்லிய கம்பியால் குத்தினார். காற்று அடித்துச் சுத்தம் செய்தார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

“அப்போ பிஸ்டன், பாய்?” என்று பெயிண்டர் கேட்டார்.

“பிஸ்டன் தேஞ்சிருந்தா நீலப் புகை வரும். ஆயில் குறையும். மேட்டில இழுக்காது. கிக்கர் லேசாப் போகும். உன் வண்டியில அது ஒண்ணும் இல்ல தம்பி. லேசான வேலையை முதல்ல பார். இன்ஜினை இறக்குறது கடைசி வேலை.”

கம்மல் காதிலேயே இருந்தது.

வண்டி கிளம்பாவிட்டால்

முதலில் வண்டியைச் சாலையின் இடது ஓரத்துக்குத் தள்ளுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். தீக்குச்சி வெளிச்சத்தில் டேங்கைப் பார்க்கவே கூடாது. பிறகு வரிசையாகப் பாருங்கள்.

1. இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் சில வண்டிகளில் கைப்பிடி அருகே இருக்கும். யாராவது தெரியாமல் அதை அணைத்திருக்கலாம்.

2. பெட்ரோல் இருக்கிறதா? வண்டியை ஆட்டினால் சத்தம் கேட்கும். பழைய வண்டியில் பெட்ரோல் டேப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் குறைவாக இருந்தால் ரிசர்வில் வையுங்கள்.

3. டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். உடனே வண்டி கிளம்பினால் துளையில் அடைப்பு இருக்கலாம்.

4. காலைக் குளிரில் சோக்கைப் போடுங்கள். சோக் போட்டால் காற்று குறையும், பெட்ரோல் கூடும். இன்ஜின் சூடானதும் சோக்கை எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் பெட்ரோல் வீணாகும். பிளக்கும் கரி பிடிக்கும்.

5. பெட்ரோல் நாற்றம் பலமாக அடிக்கிறதா? இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. சோக்கை எடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துச் சில முறை கிக்கரை மிதியுங்கள். கிளம்பியதும் ஆக்சிலேட்டரைக் குறைத்து, டேப்பைத் திறங்கள்.

6. பிளக் கேப் கழன்றிருக்கிறதா? ஈரமாக இருக்கிறதா? இன்ஜின் ஆறியபின் துடைத்து இறுக்கமாகப் பொருத்துங்கள்.

7. இன்னும் கிளம்பவில்லையா? இன்ஜின் நன்றாக ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் எரிகிறது. வெளுத்துப் போயிருந்தால் இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஓடாவிட்டால் மெக்கானிக்கிடம் போகலாம். பார்த்ததை எல்லாம் அவரிடம் சொல்லுங்கள். அவர் வேலை எளிதாகும்.

புகையின் நிறம்

சைலன்சரில் கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஓடும் வண்டிக்கு ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது.

குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. பயம் வேண்டாம்.

ஆயில் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள். சமமான தரையில், நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுங்கள். அளவுக்கம்பியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டும். ஆயில் இல்லாமல் ஓட்டினால், ஏழாயிரம் ரூபாய் செலவு உண்மையிலேயே வந்துவிடும்.

தண்ணீரில் மூழ்கிய வண்டி

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரில் பெருமழை பெய்தது. பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. வண்டிகளும் மூழ்கின.

மூழ்கிய வண்டியைக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. காற்றை அழுத்தலாம். தண்ணீரை அழுத்த முடியாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது கிளப்பினால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளையலாம். வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள். ஆயில் பால் கலந்த காப்பிபோல் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த ஆயிலை மாற்ற வேண்டும்.

இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை எளிதில் இழுத்துக்கொள்ளும். ஆகவே மழைக்காலத்தில் டேங்க் மூடியைச் சரியாக மூடி வையுங்கள்.

2020-க்குப் பிறகு வந்த வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குப் புகை விதி கடுமையானது. அதன்பின் வந்த பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் இல்லை. ஒரு சின்ன மின் பம்பு பெட்ரோலை அனுப்புகிறது. சாவியைத் திருப்பியதும் பம்பு இரண்டு மூன்று விநாடி முனகும். சத்தமே வராவிட்டால் பேட்டரி அல்லது பம்பில் கோளாறு இருக்கலாம்.

இந்த வண்டிகளில் இன்ஜின் படம் போட்ட ஒரு விளக்கு உண்டு. வண்டி கிளம்பியதும் அது அணைய வேண்டும். அணையாவிட்டால் வொர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். ஒயர்களைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை

என்ன கோளாறு என்று கேளுங்கள். எப்படித் தெரிந்தது என்றும் கேளுங்கள். வேலை தொடங்குமுன் செலவை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேளுங்கள். பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

பெங்களூரில் ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைய உண்டு. பெரிய செலவு என்றால் அங்கு விலை கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்ரீராமபுரம் வீட்டில் இப்போது வண்டிக்குத் தனி நோட்டு இருக்கிறது. ஆயில் மாற்றிய தேதி, பிளக் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் உள்ளன. எழுதுவது மனைவி. சில நாட்களில் பெயிண்டரே எழுதுகிறார். அவரும் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

பதில் சொல்லுங்கள்

1. இன்ஜின் ஓட வேண்டிய மூன்று பொருள்கள் எவை?

2. டேங்க் மூடியில் துளை எதற்கு?

3. நீலப் புகை வந்தால் என்ன பொருள்?

4. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஏன் கிளப்பக் கூடாது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு வண்டிக்கு அல்லது பக்கத்து வீட்டு வண்டிக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒரு மாதம் எழுதுங்கள். பெட்ரோல் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பாருங்கள்.