நாற்பத்தாறு வயதில் யூடியூப் ஆசிரியையா?

கே: சமுதாயக் கல்லூரியில் தையல் சொல்லித் தருகிறேன். "தொழில்நுட்பத்தோடு பாடம் எடுங்கள்" என்கிறார்கள். 46 வயதில் இதெல்லாம் எனக்கு வருமா?
– தையல் ஆசிரியை, கடையநல்லூர்

ப: ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு, போன் பட்டன் ஒரு பொருட்டா அம்மா!

ஸ்மார்ட் போர்டு, புரொஜெக்டர் கேட்டு மனு எழுதி நாளைக் கழிக்காதீர்கள். உங்கள் மாணவிகள் வருடா வருடம் தடுமாறுவது எங்கே? ரவிக்கையின் கைக்குழி வெட்டுவதிலா? அதை மட்டும் எடுங்கள். வெட்டும் மேஜைக்கு மேலே போனை நிறுத்தி, முகம் தெரியாமல் கையும் துணியும் மட்டும் படம் பிடியுங்கள். மூன்று நிமிடம் போதும். வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாளே அனுப்பிவிட்டு, வகுப்பு நேரம் முழுவதையும் வெட்டவும் தைக்கவும் விடுங்கள். விளங்காத பெண் பத்து முறை ஓட்டிப் பார்ப்பாள். உங்களிடம் பத்து முறை கேட்கக் கூச்சப்படுவாள்.

1996-ல் அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் சென்னையில் சமுதாயக் கல்லூரி தொடங்கியதே, படிப்பை நடுவில் விட்டவர்களுக்குக் கைத்தொழில் தரத்தான். கரும்பலகைப் பாடத்தில் ஏற்கெனவே சலித்தவர்கள் அவர்கள்; அதனால்தான் இப்படிக் கண்ணால் காட்டச் சொல்கிறேன்.

கணினி பழக ஐஐடி மும்பையின் 'ஸ்போக்கன் டுடோரியல்' இருக்கிறது. இலவசம். பல பாடங்கள் தமிழிலும் உண்டு. தரவிறக்கிக்கொண்டால் இணையமும் வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம். படிக்கக் காசு வேண்டாம், தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

போன் இல்லாத மாணவிகளுக்கு, வகுப்பு தொடங்கும் முன் உங்கள் போனிலேயே காட்டிவிடுங்கள்.